வாசலில் இறக்கிய கியர் பாக்ஸ்

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் பழுது பார்ப்பவனை ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்கிற நாளில் யாரும் நல்ல மனநிலையில் இருப்பதில்லை.

என் பேர் ஞானம்; சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவன். என் மனைவி ஸ்டெல்லாவுக்குத் திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் வேலை கிடைத்ததும் நானும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கடை பிடிக்கத் தோதுப்படவில்லை. வீட்டு வாசலில் தகரம் போட்டு, அதையே பட்டறையாக்கிக்கொண்டேன். வர முடியாத வண்டிகளுக்கு நானே ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். தூக்க, இறக்க எதிர்வீட்டு சேகர் துணை. அவருக்கு வெல்டிங் தொழில்.

வீட்டிலேயே தொழில் செய்கிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் தையல் மிஷின் மிதிக்கலாம், டியூஷன் எடுக்கலாம், ஊறுகாய் போடலாம். தெருவில் போகிறவர்களுக்கு நாம் எல்லோரும் சும்மா இருக்கிறவர்கள்தான். சும்மா இருந்த லட்சணத்தில் எனக்கு நடந்தவற்றில் சில இங்கே.

காணாமல் போன கிளட்ச்

வானூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். பெருமாள் என்று பேர். காலமெல்லாம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். சிங்கப்பூரில் இருக்கிற மகன், அப்பா இனிமேலாவது சிரமப்படாமல் ஓட்டட்டும் என்று ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கிக் கொடுத்திருக்கிறான். "தம்பி, வண்டி குதிரை மாதிரி துள்ளுது. போய்க்கினே இருக்குது, திடீர்னு நட்டுக்கினு நிக்குது. என் சம்சாரம் முன்னாடி கண்ணாடியில முட்டிக்கிச்சு. கியர் பாக்ஸை இறக்கிப் பாத்துடு" என்றார். நானும் ஜாக்கு, ஸ்டாண்டு எல்லாம் ஏற்றிக்கொண்டு போனேன். ஓட்டிப் பார்த்தால் வண்டி தயிர் மாதிரி போகிறது. ஒரு குறையும் இல்லை.

சரி, நீங்களே ஓட்டுங்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் திருப்பம் வந்தது. பழக்கதோஷத்தில் அவருடைய இடது கால் கிளட்சைத் தேடிப் போய், அங்கே அகலமாக இருந்த பிரேக்கை லாரி கிளட்சை மிதிக்கிற பலத்தோடு மிதித்தது. என் நெற்றியும் கண்ணாடியும் அறிமுகமாயின. "அண்ணே, இதுல கிளட்ச்சே இல்லண்ணே. இடது காலுக்கு வேலையே கிடையாது" என்றேன். புரிந்தது என்று தலையாட்டினார். தலைக்குப் புரிந்தது, காலுக்குப் புரியவில்லை. அடுத்த திருப்பத்திலும் அதே கதை. கடைசியில் அந்தக் காலைப் பந்தியில் உட்காருவது போல மடித்து சீட்டின் மேல் வைத்துக்கொண்டார். கடைத்தெரு வரைக்கும் போய்த் திரும்பினோம், ஒரு குலுக்கல் இல்லை. அப்படி ஓட்டக் கூடாது, ஓரத்தில் கால் வைக்கிற மேடையில்தான் வைக்க வேண்டும் என்று நான் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, நெற்றி வீக்கத்தோடு வாசலில் நின்ற அவர் மனைவி சொன்னார்:

"லாரி ஓட்டுன காலுப்பா. சும்மா இருன்னா இருக்குமா? ரிட்டேர் ஆன ஆளே வூட்ல சும்மா இருக்க மாட்டேங்குது."

கோழியும் காந்தமும்

வீட்டு வாசலில் நான் முதன்முதலாக இறக்கியது விழுப்புரத்து மருந்துக் கடைக்காரர் ஒருவரின் வண்டி. கியர் பாக்ஸுக்குள் வால்வு பாடி என்று ஒன்று இருக்கும். எந்த நேரத்தில் எந்த கியர் விழ வேண்டும் என்று எண்ணெயை வழி திருப்பி விடுகிற மூளை அது. அதைத் திறந்தால் உள்ளே எறும்புப் புற்று மாதிரி வளைந்து வளைந்து ஓடும் பள்ளங்கள்; அந்தப் பள்ளங்களில் மிளகை விடக் கொஞ்சம் பெரிய இரும்புக் குண்டுகள். ஒன்று குறைந்தாலும் வண்டி தன் இஷ்டத்துக்குத்தான் போகும். உருண்டு ஓடிவிடக் கூடாதே என்று ஸ்டெல்லாவின் இட்லித் தட்டை எடுத்து, குழிக்கு ஒன்றாகப் போட்டு, கட்டில் மேல் வைத்திருந்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். வந்து பார்த்தால் ஒரு குழி காலி.

கட்டிலைக் கவிழ்த்தேன். தரையைப் பெருக்கினேன். பெருக்கிய குப்பையைச் சலித்தேன். டியூட்டி முடிந்து வந்த ஸ்டெல்லா விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "தியேட்டர்ல ஒரு பஞ்சு கொறஞ்சாகூட வயித்தை மூட மாட்டோம். கெடைக்கற வரைக்கும் நீங்களும் மூடாதீங்க." அப்போதுதான் கட்டில் காலடியில் பக்கத்து வீட்டு அமுதா அக்காவின் சிவப்புக் கோழியைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது.

கீழே விழுந்த போல்ட்டை எடுக்க நாங்கள் ஒரு காந்தக் குச்சி வைத்திருப்போம். ஸ்டெல்லா கோழியைப் பிடித்துக்கொள்ள, நான் அதன் கழுத்துக்குக் கீழே இரைப்பை பக்கம் காந்தத்தை மெதுவாகக் கொண்டுபோனேன். டப்பென்று ஒட்டிக்கொண்டது. கோழி திகைத்தது, நானும்தான். அமுதா அக்காவிடம் போய் நடந்ததைச் சொல்லி, கோழியை விலைக்குக் கேட்டோம். நாங்கள் கறிக்கு ஆசைப்பட்டுக் கதை கட்டுகிறோம் என்றே அவர் முதலில் நம்பினார். நேரில் வந்து காந்தத்தை ஒட்டிப் பார்த்த பிறகுதான் கொடுத்தார். குண்டு கிடைத்தது. கழுவி, அதன் இடத்தில் போட்டு மூடினேன். வண்டியும் ஒழுங்காக ஓடியது. சாயங்காலம் ஸ்டெல்லா கொண்டுபோய்க் கொடுத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த அமுதா அக்கா மருந்துக் கடைக்காரரின் காரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என் கோழியாச்சும் முட்டை போட்டுச்சு. இது இன்னா போடும்?"

பஸ்ஸில் ஒரு தலை

எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் என்று ஒரு உருண்டை உட்கார்ந்திருக்கும். மூடி போட்ட இரும்புப் பாத்திரம் மாதிரி, பரங்கிக்காய் அளவு. உள்ளே இருக்கிற எண்ணெயை எவ்வளவு வடித்தாலும் இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும். அந்த எண்ணெய் நல்ல சிவப்பு. இவ்வளவையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், ஏனென்றால் அன்றைக்கு பஸ்ஸில் இருந்தவர்களுக்குச் சொல்ல எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

விழுப்புரத்தில் ஒரு வீட்டில் அதைக் கழற்றி, கோணியில் சுற்றி, திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஜன்னலோரம் தூங்கிப்போனேன். விக்கிரவாண்டி தாண்டியதும் ஒரு அலறல். முன்சீட்டு அம்மா இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் செருப்பைச் சுற்றிச் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. "ஐயோ ரத்தம்! ரத்தம்!" பின்சீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். கோணி, உருண்டை, சிவப்பு. "தலை மாதிரி இருக்குதுபா" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். ரகசியமாகச் சொன்னார், பஸ் முழுக்கக் கேட்டது. என்னோடு அதே சீட்டில் இருந்தவர் எழுந்து போன வேகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் ஓரம் கட்டியது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தூங்கி எழுந்த முகம் வேறு, கொலைகாரன் மாதிரிதான் இருந்திருக்கும். கோணியை அவிழ்த்தேன். இரும்பு பளபளத்தது. ஒருவர் விரலால் எண்ணெயைத் தொட்டு மோந்து பார்த்து, ரத்தமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அலறிய அம்மாவின் செருப்பை நான் என் துண்டாலேயே துடைத்துக் கொடுத்தேன். அப்பாடா என்று உட்காரப் போனவனைக் கண்டக்டர் விடவில்லை.

"தலையா இருந்தா போலீஸ்காரங்க பாத்துக்குவாங்க. இரும்புன்னா நான்தான் பாக்கணும். லக்கேஜ் டிக்கெட் எடுங்க."

வெள்ளத்தில் வந்த வண்டி

மழையில் விழுப்புரம் பக்கம் தண்ணீர் புகுந்த சமயம். ஒரு ஜூஸ் கடைக்காரரின் கார் இரண்டு நாளாகத் தண்ணீரில் நின்றிருந்தது. கட்டி இழுத்து வந்து என் வாசலில் விட்டார்கள். அடியில் பேசினை வைத்து எண்ணெய் வடிகிற போல்ட்டைத் திறந்தேன். சிவப்பாக வர வேண்டியது, தண்ணீர் கலந்து, கெட்டியாக, இளஞ்சிவப்பாக, நுரை தள்ளிக்கொண்டு வந்தது. இதற்கு மேல் கெட்ட செய்தி எங்கள் தொழிலில் கிடையாது. கியர் பாக்ஸ் முழுவதையும் பிரித்தாக வேண்டும். இதை எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். வீடு, கடை, வண்டி மூன்றிலும் தண்ணீர் பார்த்த மனிதர். அவரே பேசினுக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"ரோஸ்மில்க்ல பால் ஜாஸ்தியாப் போச்சு தம்பி. கடையில இருந்த சரக்கும் இந்தக் கலர்லதான் மெதந்துக்கினு இருந்துச்சு."

பேஷண்ட் யார்?

கியர் பாக்ஸ் இறக்குவதில் போல்ட் கழற்றுகிற வரைக்கும் வேலை. அதற்கு மேல் விதி. ஒரு காலை, பெரிய வண்டி ஒன்றை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு நானும் சேகரும் அடியில் மல்லாக்கப் படுத்திருந்தோம். எல்லா போல்ட்டும் எடுத்தாயிற்று. கியர் பாக்ஸ் முழுக்க ஜாக்கின் தலையில். மெல்லப் பின்னால் இழுத்து எஞ்சினிலிருந்து பிரித்த நேரம் பார்த்து, ஜாக்கு உஸ் என்று ஒரு பெருமூச்சு விட்டு இறங்க ஆரம்பித்தது. கியர் பாக்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் முட்டியால் முட்டுக்கொடுத்தேன். சேகர் இரண்டு கையாலும் தாங்கினார். எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்திருக்கும். ஜாக்கின் கைப்பிடி இருவருக்கும் எட்டவில்லை. அதை எட்ட வேண்டுமென்றால் ஒருவர் கையை விட வேண்டும். விட்டால் மற்றவர் அவ்வளவுதான்.

"ஸ்டெல்லா!" என்று கத்தினேன். அவளுக்கு அன்று லீவு. அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தவள் ஓடிவந்தாள். நான் "ஜாக்கை அடி, ஜாக்கை அடி" என்கிறேன். சேகர் "ஜாக்கைத் தொடாத தங்கச்சி, முதல்ல கட்டை வை" என்கிறார். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, அவ்வளவு பயம். ஸ்டெல்லா இரண்டு பேர் பேச்சையும் கேட்கவில்லை. சுவரோரம் சாத்தியிருந்த ஸ்டெப்னி டயரை உருட்டி வந்து, படுக்கப் போட்டு, கியர் பாக்ஸ் சாய்ந்த பக்கத்துக்குக் கீழே காலால் தள்ளினாள். பிறகுதான் கைப்பிடியைப் பிடித்து நிதானமாக அடித்தாள். பாரம் என் முட்டியை விட்டு ஏறியது. சேகர் முதலில் வெளியே ஊர்ந்தார், பிறகு நான். இருவரும் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, அவள் குனிந்து கியர் பாக்ஸைப் பார்த்தாள்.

"ரெண்டு டாக்டருங்க ஒரே நேரத்துல கத்துனா நாங்க டாக்டரைப் பாக்க மாட்டோம், பேஷண்ட்டைத்தான் பாப்போம். பேஷண்ட் நல்லா இருக்குது."

அன்று மத்தியானமே அந்த ஜாக்கைக் காயலான் கடையில் போட்டுவிட்டு வந்தேன்.

ரிவர்ஸில் வந்த டீச்சர்

விழுப்புரத்தில் கலைவாணி டீச்சர் என்று ஒருவர். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. கார் வாங்குவதற்கு முன்னால் பஸ் மாறி, இறங்கி, மணல் ரோட்டில் ஊன்றுகோலோடு நடந்து, விழுந்து எழுந்துதான் பள்ளிக்கூடம் போவாராம். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஒரு கால் போதும் என்று தெரிந்த நாளில் கடன் வாங்கி ஒரு பழைய கார் எடுத்திருக்கிறார். அந்த வண்டி ஒரு சாயங்காலம் தெருமுனையில் முன்னால் போக மாட்டேன் என்று நின்றுவிட்டது. ரிவர்ஸ் மட்டும் வேலை செய்தது. டீச்சர் இறங்கவில்லை. வண்டியைத் திருப்பி, பின்புறமாகவே தெரு முழுவதும் ஓட்டி வந்து தன் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார். "தெருவே வெளிய வந்து பாத்துச்சு. நான் என்னமோ தேர் மாதிரி" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

வண்டி முன்னால் போகாததால் நானும் சேகரும் அவர் வீட்டு போர்ட்டிகோவிலேயே இறக்கினோம். வண்டியை முன்னால் தள்ள கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிற கிளட்ச் பிளேட்டுகள் எல்லாம் கருகிப்போயிருந்தன. ஒரு ரப்பர் சீல் கிழிந்ததால் வந்த வினை. சென்னையிலிருந்து சாமான் வர வேண்டும். அதுவரை டீச்சர் ஆட்டோவில் போய்வந்தார். பாண்டியிலிருந்து அவருடைய தம்பி முருகவேல் தினமும் போன் செய்வார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் டீச்சர் காய் நறுக்குவார். "எதுக்குக்கா உனக்கு இந்த பேஜாரு? வண்டியை வித்துடு. வேலையை எழுதிக் குடுத்துட்டு வூட்டோட டியூஷன் எடு. எங்கனா வழியில நின்னுட்டா யாரு வர்றது?" அந்த மனிதருக்கு அக்கா மேல் பிரியம்தான், அது குரலிலேயே தெரிந்தது. அதனால்தான் டீச்சர் சண்டை போடவில்லை என்று நினைக்கிறேன். கத்திரிக்காய் மட்டும் துண்டு துண்டாகிக்கொண்டே போகும்.

சாமான் வந்தது. புது பிளேட்டுகளை எண்ணெயில் ஊறவைத்துக் கோத்து, எல்லாம் மூடி, மேலே ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை. தம்பி போன் செய்தார்: விழுப்புரம் வந்து இறங்கிவிட்டாராம், பழைய கார் வாங்குகிற புரோக்கரையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம், பார்ட்டி ரெடியாம். டீச்சர் ஊன்றுகோலை ஊன்றி போர்ட்டிகோவுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஞானம், இதை மேல ஏத்திட்டா வண்டி ஓடுமா?"

"ஓடும் டீச்சர்."

"அப்ப ஏத்தாத."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. சேகருக்கு உடனே புரிந்துவிட்டது. முடித்து வைத்திருந்த கியர் பாக்ஸின் மேல் கோணியைப் போட்டு மூடினார். கருகிய பழைய பிளேட்டுகளை எடுத்து வாசல் முழுக்கப் பரப்பினார். தீய்ந்த எண்ணெய் இருந்த வாளியை, காற்று அடிக்கிற திசை பார்த்து, கேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். புரோக்கர் பைக்கை நிறுத்தும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டார். முருகவேல் என்னைப் பார்த்து, "தேறுமாங்க?" என்றார். பொய் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. கீழே கிடந்ததைக் காட்டி, "இந்த பிளேட்டுங்க எல்லாம் போச்சு சார்" என்றேன். அது சத்தியமான உண்மை. புரோக்கர் ஒரு பிளேட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், போட்டார், "இதை எவனும் தொட மாட்டான் சார், இரும்பு விலைக்குத்தான் போவும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். தம்பி கருகிய பிளேட்டுகளை இன்னொரு முறை பார்த்தார். அக்கா கொடுத்த காபியைக் குடித்தார். பிறகு, கடைத்தெருவில் வேலை இருக்கிறது, முடித்துவிட்டு பாண்டி பஸ் ஏறுகிறேன் என்று நடந்தே போனார்.

அவர் முதுகு தெருமுனையில் மறைந்ததும் ஜாக்கை உருட்டினோம். அவ்வளவு ஜல்தியாக நாங்கள் எந்த கியர் பாக்ஸையும் ஏற்றியதில்லை. எண்ணெய் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, முன்னால் போகிற 'டி' கியரில் போட்டதும் முன்சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின. சேகர் கைதட்டினார். முதலில் நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். டீச்சர் கேட்கவில்லை, என்னைப் பக்கத்தில் உட்காரவும் விடவில்லை. முன்புறமாகவே கேட்டைத் தாண்டினார், தெருவில் திரும்பினார், போய்விட்டார்.

ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடுவார் என்று நின்றோம். வரவில்லை. போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். சீல் சரியாக உட்கார்ந்ததா, பைப்பை முடுக்கினேனா என்று என் மனம் ஒவ்வொரு போல்ட்டாகத் திரும்பத் திரும்ப முடுக்கிக்கொண்டிருந்தது. எங்கே நின்றுபோனாரோ, அவ்வளவு தூரம் நடக்கவும் முடியாதே என்று தெருமுனைக்கும் கேட்டுக்குமாக நடந்தேன். சேகர் பைக்கை உதைத்துக் கிளப்பிய நேரத்தில் தெருவின் மறுமுனையிலிருந்து ஹாரன் கேட்டது. வண்டி வந்து வாசலில் மெத்தென்று நின்றது. டீச்சர் கண்ணாடியை இறக்கினார்.

"பாண்டி பஸ் நிக்கற எடத்துல முருகவேல் வெயில்ல நின்னுகினு இருந்தான். ஏத்திக்கினு போய் வளவனூர் வரைக்கும் விட்டுட்டு வர்றேன். 'ஓடாதுன்னு சொன்னாங்களேக்கா'ன்னான். 'நீ வித்தா ஓடாது, நான் ஓட்டுனா ஓடும்'னேன்."

ஆட்டோமேட்டிக் என்று இதற்குப் பேர் வைத்த மகராசன் யாரோ தெரியவில்லை, ஆனால் என் அனுபவத்தில் இந்தத் தொழிலில் தானாக நடக்கிற ஒரே காரியம் எண்ணெய் ஒழுகுவதுதான்.